நாலு பேர் தூக்கிய சொல்

ஹரிபிரசாத் சாருக்குச் சின்னதுரை தர வேண்டிய பாக்கி பதினான்காயிரத்து நாற்பது ரூபாய். மூன்று பேருக்கு ஆளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு வீதம் படிப்புக் கட்டணம். அதோடு மூன்று புத்தகம், ஒன்று நூற்றெண்பது. அந்த மூன்று புத்தகங்களை யாரும் வாங்கவில்லை, கண்ணால் பார்க்கவும் இல்லை. "வாங்காத பொஸ்தகத்துக்கு எதுக்கு சார் துட்டு?" என்று சின்னதுரை கேட்டபோது, "வாங்கியிருக்கணும் இல்லையாண்ணா?" என்றார் சார். படித்தவர்கள் கணக்கில் நடந்ததற்கும் காசு உண்டு, நடந்திருக்க வேண்டியதற்கும் காசு உண்டு.

இந்தப் பாக்கி விழுந்த விதத்தைச் சொல்ல வேண்டுமானால் டோளியிலிருந்து தொடங்க வேண்டும். லாரியில் சரக்கு ஏற்றி இறக்குகிற கூட்டத்துக்குப் புனேயில் டோளி என்று பெயர். சின்னதுரையின் டோளியில் அவனைச் சேர்த்து நாலு பேர். ஜெபமணி, கோவிந்தராஜன், கிறிஸ்டோபர் மற்ற மூவர். அப்பன்மார் காலத்தில் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த திருநெல்வேலிக் குடும்பங்கள். மகன்களுக்கு அந்தத் தொழிற்சாலை கிடைக்கவில்லை; லோஹேகாவில் விமானப்படை மதிலைத் தாண்டி ஒரு பெரிய கிடங்கில் மூட்டையும் பெட்டியும்தான் கிடைத்தன.

டோளியில் ஆள் கணக்கு கிடையாது. இடக் கணக்குதான். ஜெபமணிக்குக் காய்ச்சல் என்றால் அவன் மச்சான் வந்து நிற்பான். கிடங்கு கிளார்க் "ஜெபமணி" என்று கூப்பிட்டால் மச்சான் "ஹாஜிர்" என்பான். இதற்குப் பத்லி என்று பெயர். கிளார்க்குக்கும் தெரியும், வாசலில் நிற்கிற காவலாளிக்கும் தெரியும். யாரும் இதைப் பொய் என்று நினைத்ததில்லை. முதுகு யாருடையது என்று மூட்டை கேட்பதில்லை.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் வேறொரு டோளி கண்ணாடிச் சாமான் பெட்டிகளைத் தலைகீழாக அடுக்கிவிட்டது. பெட்டி மேல் இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். மறுவாரமே தேஜஸ்வினி மேடம் வந்து இறங்கினார். பாதுகாப்பு அதிகாரி, வயது முப்பதுக்குள் இருக்கும், பேசும்போது கையில் ஒரு பேனாவைத் திறந்து மூடிக்கொண்டே இருப்பார். எல்லா டோளிகளையும் முற்றத்தில் உட்கார வைத்து இந்தியில் சொன்னார்:

"டோளிக்கு ஒருத்தராவது இங்கிலீஷ் லேபிள் படிக்கத் தெரிஞ்சிருக்கணும். அதுக்கு சர்டிபிகேட் வேணும். மார்ச் முப்பத்தொண்ணுக்குள்ள கொண்டு வராத டோளிக்கு கேட் பாஸ் புதுப்பிக்க மாட்டோம்."

கேட் பாஸ் இல்லையென்றால் கிடங்கு இல்லை. கிடங்கு இல்லையென்றால் நாலு வீட்டு அடுப்பு இல்லை. சின்னதுரைக்கு ஐம்பத்திரண்டு வயது. வேறு கிடங்கில் போய்ப் புதிதாக வரிசையில் நிற்கிற வயதில்லை. தமிழ் எழுத்தைக் கோயில் பாட்டுப் புத்தகத்தில் நாற்பது தாண்டிக் கற்றவன். இங்கிலீஷ் எழுத்தை லாரி நம்பர் பலகைகளில் பொறுக்கினவன். எழுத்து தெரியும். எழுத்துகள் கூட்டமாகச் சேர்ந்து நின்றால்தான் பயம்.

ஹரிபிரசாத் சாரின் வகுப்பு மிட்டாய்க் கடை மாடியில் இருந்தது. சார் மட்டும் அங்கே இருக்க மாட்டார். ஔந்தில் தன் ஃப்ளாட்டில் உட்கார்ந்துகொண்டு, மாடிச் சுவரில் மாட்டிய டிவி வழியாகப் பாடம் எடுப்பார். பதினாலு வருஷம் ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். ஒரு திங்கள்கிழமை அவரை வேண்டாம் என்றார்கள். அடுத்த திங்கள்கிழமை இங்கிலீஷ் வாத்தியாராகிவிட்டார். தமிழ் பேசுகிறவர், நம்மாளு, என்று நம்பித்தான் சின்னதுரை போனான்.

"இங்கிலீஷ்ல லட்சக்கணக்கான வார்த்தை இருக்குண்ணா," என்றார் சார் டிவியிலிருந்து. "மனப்பாடம் பண்ணவே முடியாது. ஆனா ஒவ்வொரு வார்த்தையும் துண்டு துண்டாச் சேர்த்து கட்டினதுதான். தலைத் துண்டு, நடுத் துண்டு, வால் துண்டு. துண்டு எல்லாம் சேர்த்தா ஐந்நூறு தேறாது. துண்டைப் பிடிச்சிட்டீங்கன்னா மொழி உங்க பாக்கெட்ல."

திங்கள் தலைத் துண்டு. புதன் நடுத் துண்டு. வெள்ளி வால் துண்டு. சனிக்கிழமை எல்லாவற்றையும் ஒட்டி அர்த்தம் பார்க்கிற வகுப்பு. காலை ஏழிலிருந்து எட்டரை.

கிடங்குக்கு முதல் லாரியும் ஏழு மணிக்குத்தான் வரும். மூன்று பேர் இருந்தால் இறக்கிவிடலாம், ஒருவன் போகலாம். ஆனால் அதே ஒருவன் தினமும் போனால் மற்ற மூவருடைய இடுப்பு என்ன ஆவது? டோளி கூடி ஒரு பீடியில் தீர்மானம் முடிந்துவிட்டது. ஓர் இடத்துக்குப் பணம் கட்டியிருக்கிறோம். இடம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். திங்கள் சின்னதுரை, புதன் ஜெபமணி, வெள்ளி கோவிந்தராஜன், சனி கிறிஸ்டோபர். டிவியில் "பதினேழாம் நம்பர், சின்னதுரை" என்று கூப்பிட்டால் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறானோ அவன் "பிரசென்ட் சார்" என்றான். ஔந்திலிருந்து பார்க்கிறவருக்கு முப்பது தலைகளும் கடுகு மாதிரித்தான் தெரிந்திருக்கும்.

மூன்று மாதத்தில் டோளி இங்கிலீஷ் படித்துவிட்டது. நாலு பேரும் என்று சொல்லக் கூடாது, டோளி படித்துவிட்டது. பெட்டி வந்து இறங்கினால் சின்னதுரை முன்பக்கம் குனிந்து, "அன்," என்பான். "அன்னுன்னா இல்ல."

"பிரேக்," என்பான் ஜெபமணி. "ஒடைக்கது."

"ஏபிள்," என்பான் கோவிந்தராஜன் பின்னாலிருந்து. "முடியும்."

கிறிஸ்டோபர் தலையைச் சொறிந்து மூன்றையும் சேர்ப்பான். "ஒடைக்க முடியாதது."

"எதுலே ஒடைக்க முடியாதது? நேத்து இதே பெட்டிதானல சல்லி சல்லியா போச்சு?" என்று கேட்பான் சின்னதுரை.

"எழுதியிருக்கதத்தான படிக்கச் சொன்னாவ. நெசமான்னு பாக்கச் சொன்னாவளா?"

சரக்கு தூக்குகிற மாதிரியே சொல்லையும் தூக்கினார்கள். தலைப்பக்கம் ஒருவன், நடுவில் ஒருவன், வாலில் ஒருவன், வழி சொல்ல ஒருவன். சின்னதுரைக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. நூற்றிருபது கிலோ பெட்டியைத் தனியாகத் தூக்கு என்று எந்தக் கிடங்கிலும் சொல்ல மாட்டார்கள். சொல்லுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

மார்ச் இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை, சர்டிபிகேட்டுக்குப் போட்டோ எடுக்க ஹரிபிரசாத் சார் நேரில் வந்துவிட்டார். கையில் செல்போன், கழுத்தில் ஒரு மைக். வரிசையாகக் கூப்பிட்டவர் பதினேழுக்கு வந்தார். ஜெபமணி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து நின்றான்.

சார் ஆதார் நகலைப் பார்த்தார். ஜெபமணியைப் பார்த்தார். "நீங்க சின்னதுரையா?"

"இல்ல சார். நான் புதன்கெழம சின்னதுரை."

"என்னது?"

"திங்கக்கெழம சின்னதுரை லாரில நிக்காரு. வரச் சொல்லவா?"

அவன் உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னான். வெள்ளி யார், சனி யார் என்று பெயர், ஊர், அப்பன் பெயரோடு எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகுதான் சார் முகம் மாறியிருப்பதைக் கவனித்தான். அரை மணி நேரத்தில் சின்னதுரை ஓடி வந்தபோது, சார் செல்போனில் மூன்று புதுப் பெயர்களைச் சேர்த்துப் பாக்கி போட்டு முடித்திருந்தார். செல்போனுக்குள் இருந்த அந்தக் கணக்குப் பொறி அவரே செய்தது.

"இது ஃப்ராடு இல்லையாண்ணா? ஒரு அட்மிஷன்ல நாலு பேர்!"

"ஒரு எடத்துல ஒரு நேரத்துல ஒருத்தன்தான சார் இருந்தான்? ரெண்டு பேரு ஒரு நாளாவது ஒண்ணா வந்தோமா? நாற்காலிக்குத்தான துட்டு?"

"நாற்காலிக்கு இல்லண்ணா, அறிவுக்கு. உங்க நாலு பேர் தலைக்குள்ளயும் என்னோட அறிவு போயிருக்கு."

"கால் காலாத்தான சார் போயிருக்கு. கூட்டினா ஒண்ணுதான வருது?"

அந்தக் கூட்டல் ஹரிபிரசாத் சாருக்குப் பிடிக்கவில்லை. பதினான்காயிரத்து நாற்பது வந்தால்தான் சர்டிபிகேட் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார்.

சின்னதுரை வீட்டில் இதைச் சொன்னபோது எஸ்தர் குக்கர் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நாலு பேரு ஒரே வேட்டியக் கட்டிட்டுக் கல்யாணத்துக்குப் போயிருக்கிய. நாலு எலைக்கும் மொய் கேக்கான். வெவரமான ஆளுதான்."

"எங்க போவேன் அவ்வளவு துட்டுக்கு?"

"துட்டு இல்லாட்டா சொல்லிப் போடுங்க. ஒளிஞ்சிட்டு நிக்காதிய. அவருக்கு உங்கள வச்சு என்ன காரியம் ஆகணும்னு மொதல்ல பாருங்க. காரியம் இல்லாம எவனும் ஔந்துலேருந்து லோஹேகாவ் வர மாட்டான்."

எஸ்தர் சொன்னது சரியாகப் போயிற்று. நாலு நாள் கழித்து சாரே போன் செய்தார். குரலில் வெல்லப்பாகு ஓடியது. கிடங்கில் இன்னும் பதினொரு டோளிகள் இருக்கின்றன. அத்தனைக்கும் பாடம் எடுக்கிற ஒப்பந்தத்தைத் தேஜஸ்வினி மேடத்திடம் கேட்டிருக்கிறார். மேடம் முதலில் ஓர் ஆளைப் படிக்க வைத்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை பட்டமளிப்பு விழா; மேடம்தான் சிறப்பு விருந்தினர். சின்னதுரை மேடையில் நின்று மூன்று சொல் படித்துக் காட்ட வேண்டும்.

"மூணு வார்த்தை நான் அனுப்பறேன், மனப்பாடம் பண்ணிக்கோங்க. மேடம் அதைத்தான் கேப்பாங்க. மத்த மூணு பேர் கடைசி வரிசையில வாயே திறக்கக் கூடாது. பாக்கியை அப்புறம் பார்த்துக்கலாம்."

"அப்புறம்னா தள்ளுபடியா சார்?"

"அப்புறம்னா அப்புறம்ணா."

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மிட்டாய்க் கடை மாடியில் பலூன் கட்டியிருந்தது. பட்டமளிப்பு என்றால் கறுப்பு அங்கி வேண்டும் என்று சார் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார். பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிக்கு விடுகிற அங்கி அது. முப்பது வருஷம் மூட்டை சுமந்த தோள் உள்ளே போனதும் முதுகுத் தையல் தெறித்தது. "திரும்பாதீங்கண்ணா, முன்பக்கமா மட்டும் நில்லுங்க," என்றார் சார். தலையில் ஓர் அட்டைத் தொப்பி. சுமாடு கட்டிப் பழகின தலை. தொப்பி மேல் எதுவும் வைக்காமல் நிற்பது சின்னதுரைக்குக் கூச்சமாக இருந்தது.

அனுப்பிய மூன்று சொற்களையும் இரண்டு நாள் முணுமுணுத்து வைத்திருந்தான். நாக்கில் மூன்றும் தயாராக நின்றன. மேடம் மேடையேறினார். சார் கொடுத்த துண்டுச் சீட்டைப் பார்த்தார், மடித்தார், மேஜையில் வைத்தார். தன் கழுத்தில் தொங்கிய கேட் பாஸைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி நீட்டினார். தடித்த எழுத்தில் ஒரே ஒரு சொல்.

"இதைப் படிங்க. தினமும் இதைத்தானே கழுத்துல போட்டுட்டு வர்றீங்க," என்றார் இந்தியில்.

அது அந்த மூன்றில் இல்லை. சின்னதுரை குனிந்து பார்த்தான். ரயில் மாதிரி நீளமாகக் கிடந்தது. எஞ்சின் மட்டும் தெரிந்தது.

"அன்," என்றான். "அன்னுன்னா இல்ல."

அதற்கு மேல் அவனிடம் ஒன்றும் இல்லை. திங்கள்கிழமையோடு அவன் இங்கிலீஷ் முடிந்துவிட்டது. மேலே ஒரு போர் விமானம் இரைந்துகொண்டு போயிற்று. லோஹேகாவில் அது போகிற வரைக்கும் எல்லோரும் பேச்சை நிறுத்துவது வழக்கம். அவனுக்கு அது பத்து விநாடி உயிர்ப்பிச்சை. இரைச்சல் அடங்கியது. மேடம் பேனாவைத் திறந்து மூடினார். ஒரு முறை. இரண்டு முறை. சார் நெற்றியைத் துடைத்தார். சின்னதுரைக்குக் கண் முன்னால் கிடங்கு வாசல் வந்து நின்றது, கம்பிக் கதவு சாத்தியபடி.

லோடு நழுவுகிறபோது டோளிக்காரன் யோசிக்க மாட்டான். ஓடி வந்து கை கொடுப்பான். கடைசி வரிசையில் நாற்காலி சாய்ந்த சத்தம் கேட்டது. ஜெபமணி மேடையேறிவிட்டான்.

"டிரான்ஸ்ஃபர்," என்றான், எழுத்துக் கூட்டி, வேர்த்து. "மாத்தி உடுறது."

"ஏபிள்," என்று கோவிந்தராஜன் வாலைப் பிடித்தான். "முடியும்."

கிறிஸ்டோபர் வந்து நடுவில் நின்றான். மூன்றையும் மனதுக்குள் ஒட்டினான். ஒட்டியதும் அவன் முகம் சுருங்கியது. இருந்தாலும் படித்தது படித்ததுதானே. இந்தியில் சொன்னான்: "ஒருத்தருக்குக் கொடுத்ததை இன்னொருத்தர் வாங்கி உபயோகிக்கக் கூடாது."

மேடம் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். "சரியாகத்தான் படிச்சீங்க. ஆனா ஒருத்தருக்குப் போட்ட அட்மிஷன்தானே இது? நாலு பேர் எப்படிப் படிக்கிறீங்க?"

சின்னதுரை உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். அதற்குள் ஹரிபிரசாத் சார் மைக்கைப் பிடித்துவிட்டார். அந்த அரை விநாடியில் அவர் பதினொரு டோளிகளையும் கண்ணால் எண்ணி முடித்திருக்க வேண்டும்.

"மேடம், அதுதான் எங்க முறையே!" என்றார் இந்தியில், விளம்பரக் குரலில். "ஒரு டோளி, ஒரு அட்மிஷன், நாலு மூளை. கிடங்குல யாரும் தனியா வேலை பார்க்கறதில்லை. அதனால நாங்க தனி ஆளைப் படிக்க வைக்கறதில்லை. டோளியைப் படிக்க வைக்கறோம். ரெண்டு வருஷ ஆராய்ச்சி மேடம்."

வகுப்பு தொடங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. மேடத்தின் பேனா நின்றது. கண் மலர்ந்தது. "டீம் லேர்னிங்! இதைத்தான் ஹெட் ஆபீஸ்ல கேட்டுட்டே இருக்காங்க. நான் இன்னைக்கே ரிப்போர்ட் போடறேன்," என்று குறிப்பேட்டில் எழுதத் தொடங்கினார்.

சின்னதுரை முப்பது வருஷம் கிளார்க்குகளோடு கூலி பேசினவன். பேரத்தில் எதிராளி வாயைக் கொடுக்கிற நேரம் அவனுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மேடத்துக்கும் புரியட்டும் என்று இந்தியிலேயே, ரொம்பப் பணிவாகக் கேட்டான்:

"சார், முறையே அதுதான்னா, டோளிக்கு ஒரே ஃபீஸ்தானே?"

ஹரிபிரசாத் சார் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு அகராதியே இருந்தது. மேடமும் நிமிர்ந்து பார்த்தார். "ஆமாம், டோளிக்கு ஒரே ஃபீஸ்தானே? பட்ஜெட்ல அப்படித்தான் எழுதறேன்."

"ஒரே ஃபீஸ்தான் மேடம்," என்றார் சார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அப்ப எங்க பேர்ல மூணு பேருக்குப் பாக்கின்னு போன்ல காட்டுதே சார்? தப்பா ஏறியிருக்கும். மேடம் முன்னாலயே அழிச்சிட்டா ரிப்போர்ட்டுக்கும் நல்லது."

மேடம் தலையசைத்தார். மூன்று நாளில் கேட் பாஸ் வந்துவிடும் என்றும் சொன்னார். நாலு பேரும் சேர்ந்தே லேபிள் படிப்பதாக இருந்தால் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே சர்டிபிகேட் போதும் என்றார். எந்த நாளும் நாலு பேரில் ஒருவர்கூட லீவு எடுக்கக் கூடாது என்பதையும் சேர்த்து எழுதிக்கொண்டார். கம்பெனி எதையும் சும்மா கொடுப்பதில்லை.

சார் செல்போனை எடுத்தார். தள்ளுபடி என்று ஒரு பொத்தானை அமுக்கினார். அவர் செய்த கணக்குப் பொறி அவ்வளவு சுலபத்தில் விடுமா? காரணம் கேட்டது. மாணவர் காலமானார், மாணவர் தலைமறைவு, மாணவர் மீது வழக்கு: மூன்றே காரணங்கள்தான் வைத்திருந்தார். தேறியவனுக்குத் தள்ளுபடி செய்ய வேண்டி வரும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

"என்ன சார் யோசிக்கிய?"

சார் திரையைக் காட்டினார். நாலு தலைகளும் அதன் மேல் குனிந்தன.

"வழக்கு வேண்டாம் சார், போலீஸ் வீட்டுக்கு வந்திரும்," என்றான் கோவிந்தராஜன்.

"ஓடிப்போனதாப் போட்டா பொண்டாட்டி கேப்பா," என்றான் கிறிஸ்டோபர்.

"செத்துப்போனதாவே போடுங்க சார். கிடங்குல ரெண்டு லாரி வந்து நிக்கு," என்றான் சின்னதுரை.

ஹரிபிரசாத் சார் மூன்று முறை அமுக்கினார். ஜெபமணி, கோவிந்தராஜன், கிறிஸ்டோபர், மூன்று பேரும் வரிசையாகக் காலமானார்கள். திரையில் ஓர் ஓரத்தில் பதினான்காயிரத்து நாற்பது என்று இருந்தது சுழன்று சுழன்று கடைசியில் பூஜ்யத்தில் நின்றது.

"அடக்கம் எத்தன மணிக்கு சார்?" என்று கேட்டுக்கொண்டே ஜெபமணி படியிறங்கினான்.